'புலியைக் கொன்றவர்', 'பன்றிக்குத் துணைபோனவர்': தேர்தல் விளம்பரத்தில் எதைச் சொல்லலாம்? எது அவதூறு?

493.

2016 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டப்பிடாரம் தொகுதியின் வெற்றியைத் தீர்மானித்த வாக்கு வித்தியாசம் இதுதான். அதிமுக வேட்பாளர் சுந்தரராஜ் ஜெயித்தார். புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமி தோற்றார். 493 ஓட்டு என்பது ஒரே ஒரு வாக்குச்சாவடியில் விழும் ஓட்டைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். இவ்வளவு நெருக்கமான போட்டியில், கடைசி இரண்டு நாளில் ஒட்டப்படும் ஒரு போஸ்டரோ, வாட்ஸ்அப்பில் சுற்றும் 30 விநாடி வீடியோவோ முடிவையே மாற்றிவிடலாம்.

அப்படி ஒரு விளம்பரம் பொய்யாக இருந்தால்? சட்டம் என்ன செய்யும்? எப்போது செய்யும்?

ஒரு கற்பனைக் காட்சியை வைத்துப் பார்ப்போம். கரிசல் காட்டில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரம். ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து கால் ஏக்கரைச் சாய்த்துவிட்டுப் போகிறது. அதே நேரத்தில் தேர்தலும் வருகிறது. டீக்கடைச் சுவரில் இரண்டு போஸ்டர்கள்.

முதல் போஸ்டர்: "பன்றியைச் சுட வேண்டாம் என்று பேசி, விவசாயி வயிற்றில் அடித்தவருக்கா உங்கள் ஓட்டு?"

இரண்டாவது போஸ்டர்: "கறிக் கடைக்காரரிடம் பணம் வாங்கிக்கொண்டு, பன்றியைச் சுட அனுமதி வாங்கிக் கொடுத்தவருக்கா உங்கள் ஓட்டு?"

"இதெல்லாம் உண்மையா அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்கிறார். "எலெக்‌ஷன் வந்தா இப்படித்தான் தம்பி" என்று பதில் வருகிறது.

இரண்டும் காட்டமான போஸ்டர்கள்தான். ஆனால் சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல. ஏன்னு விளங்க, சில விஷயங்களை வரிசையாகப் பார்க்கணும்.

முதல்ல, அவதூறுன்னா என்ன?

ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கும் நோக்கத்திலோ, கெடும் என்று தெரிந்தோ அவரைப் பற்றி ஒரு குற்றச்சாட்டைச் சொல்வது, எழுதுவது, அச்சிடுவது, படமாகக் காட்டுவது எல்லாமே அவதூறுக்குள் வரும். இந்தியாவில் இதற்கு இரண்டு பாதைகள் இருக்கு.

ஒன்று, சிவில் வழக்கு. "என் பெயர் கெட்டுப்போச்சு, நஷ்டஈடு கொடுங்க" என்று கேட்பது. இதை ஓராண்டுக்குள் தொடுக்கணும்.

இன்னொன்று, கிரிமினல் வழக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 499, 500-வது பிரிவுகளாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. அதிகபட்சம் 2 ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அவதூறு என்று தெரிந்தே அச்சடித்துக் கொடுப்பவரும் இதில் மாட்டுவார். தனி ஆள் மட்டுமல்ல, ஒரு நிறுவனமோ அமைப்போகூட "எங்களை அவதூறு செய்துவிட்டார்கள்" என்று சொல்லலாம்.

ஆனால் இந்தப் பிரிவுக்கு 10 விதிவிலக்குகள் இருக்கு. அரசியல் விளம்பரத்துக்கு முக்கியமானவை மூன்று. பொது நன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை அவதூறு ஆகாது. அரசுப் பதவியில் இருப்பவரின் பணி பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது. பொதுப் பிரச்சினையில் ஒருவர் நடந்துகொண்ட விதம் பற்றிய நல்லெண்ணக் கருத்தும் அவதூறு ஆகாது.

கிரிமினல் அவதூறே இருக்கக் கூடாது என்று சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, அரவிந்த் கெஜ்ரிவால் உள்ளிட்டோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2016 மே 13-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பேச்சுரிமை எவ்வளவு முக்கியமோ, நற்பெயரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

தேர்தல் சட்டம் போடும் கோடு

தேர்தல் நேரத்தில் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். அதன் 123(4) பிரிவு, ஒரு வேட்பாளரைப் பற்றிய சில வகைப் பொய்களை 'ஊழல் நடவடிக்கை' என்று சொல்கிறது. இங்கே ஊழல் என்றால் லஞ்சம் மட்டுமல்ல, தேர்தலைக் கெடுக்கும் செயல் என்று அர்த்தம்.

இந்தப் பிரிவில் ஒருவர் மாட்டணும்னா இத்தனையும் சேர்ந்து இருக்கணும்:

சொன்னது கருத்தாக இல்லாமல், ஒரு தகவலாக இருக்கணும். அது பொய்யாக இருக்கணும். பொய் என்று தெரிந்தோ, உண்மை என்று நம்பாமலோ சொல்லியிருக்கணும். அது எதிர் வேட்பாளரின் தனிப்பட்ட குணம் அல்லது நடத்தை பற்றியதாக இருக்கணும். அவருடைய வெற்றி வாய்ப்பைக் கெடுக்கும் தன்மை இருக்கணும். வேட்பாளரோ, அவருடைய ஏஜென்ட்டோ, அவர்கள் சம்மதத்தோடு வேறொருவரோ வெளியிட்டிருக்கணும்.

நிரூபித்துவிட்டால் தேர்தல் வெற்றியே செல்லாமல் போகும். 6 ஆண்டு வரை போட்டியிடத் தடையும் வரலாம்.

'தனிப்பட்ட' என்ற சொல்லைக் கவனிங்க. ஒருவருடைய அரசியல் நிலைப்பாடு, சட்டமன்றத்தில் போட்ட ஓட்டு, ஆதரித்த திட்டம் ஆகியவை பற்றிய விமர்சனம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், மிகைப்படுத்தலாகவே இருந்தாலும், பொதுவாக இந்தப் பிரிவுக்குள் வராது. "பணம் வாங்கினார்", "திருடினார்" என்று அவருடைய நேர்மையைத் தொட்டால்தான் கோடு தாண்டுகிறது.

இந்தக் கோடு உலகம் முழுக்கப் பேசப்படுவதற்குக் காரணமும் ஒரு விளம்பரம்தான்.

உலகத்தையே மாத்தின ஒரு பத்திரிகை விளம்பரம்

1960 மார்ச் 29. அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கேட்கும் விளம்பரம் அது. அலபாமா மாநிலத்தில் கறுப்பின மாணவர்கள் மீது போலீஸ் நடத்திய அடக்குமுறையைச் சொன்னது.

அதில் சில தவறுகள் இருந்தன. கிங் 7 முறை கைது செய்யப்பட்டதாக எழுதியிருந்தார்கள். உண்மையில் 4 முறை. மாணவர்கள் பாடிய பாட்டையும் மாற்றிச் சொல்லியிருந்தார்கள்.

மான்ட்கோமரி நகரில் போலீஸ் துறைக்குப் பொறுப்பாக இருந்த எல்.பி.சல்லிவன் வழக்குப் போட்டார். விளம்பரத்தில் அவர் பெயரே இல்லை. ஆனாலும் அலபாமா நீதிமன்றத்தின் நடுவர் குழு அவருக்கு 5 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொது வாழ்வில் விவாதம் நடக்கும்போது சின்னத் தவறுகள் வரத்தான் செய்யும். பொய் என்று தெரிந்தோ, உண்மையா பொய்யா என்று கொஞ்சமும் கவலைப்படாமலோ வெளியிட்டதை நிரூபித்தால்தான் அரசுப் பதவியில் இருப்பவர் நஷ்டஈடு கேட்கலாம் என்றது.

இந்தச் சிந்தனை இந்தியாவுக்குள் வந்ததும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றின் வழியாகத்தான். 'ஆட்டோ சங்கர்' சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட இருந்தது. அதிகாரிகள் சிலருடைய பெயர் கெடும் என்று சிறைத்துறை எச்சரித்தது. நக்கீரன் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994-ல் வந்த தீர்ப்பு, அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்காக நஷ்டஈடு வழக்குப் போட முடியாது என்றது. அரசுப் பணியில் இருப்பவரின் பணி சம்பந்தப்பட்ட செய்தி தவறாகவே இருந்தாலும், நியாயமான அளவுக்கு விசாரித்து எழுதியிருந்தால் போதும் என்றது. உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதியிருந்தால்தான் பொறுப்பு.

சரி, வேட்டை விவகாரம் இதில் எங்கே வருது?

கொள்கை பற்றிய விமர்சனம், ஆளைப் பற்றிய பொய் என்ற இந்த இரண்டும் ரொம்பச் சீக்கிரம் குழம்பிப்போகும் விவகாரங்களில் ஒன்று, ஆட்கொல்லி விலங்கைச் சுடுவது. ஒரு பக்கம் ஆளைப் பறிகொடுத்த குடும்பம். இன்னொரு பக்கம் அந்த விலங்கும் வாழணும் என்று சொல்பவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. 30 விநாடி விளம்பரத்தில் இரண்டையும் சொல்ல இடமில்லை. அதனால் "கொலைகாரர்" என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள்.

2018-ல் மகாராஷ்டிராவில் நடந்ததைப் பாருங்க. யவத்மால் மாவட்டத்தில் 13 பேர் சாவுக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட அவ்னி என்ற பெண்புலியை, அந்த ஆண்டு நவம்பர் 2 ராத்திரி சுட்டுக் கொன்றார்கள். அப்போது மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி இதை வெளிப்படையாகவே "கொலை" என்று கண்டித்தார். மாநில வனத்துறை அமைச்சர் சுதிர் முங்கண்டிவார் பதிலடி கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே பாஜக.

இங்கே "கொலை" என்பது தகவலா, கருத்தா? புலி சுடப்பட்டது உண்மை. அதைக் "கொலை" என்பது கோபத்தின் வார்த்தை, அதாவது கருத்து. ஆனால் அதே விவகாரத்தில் ஒருவர் "அமைச்சர்தான் சுடச் சொல்லி உத்தரவு போட்டார்" என்று விளம்பரம் செய்தால், அது சரிபார்க்கக்கூடிய தகவல்.

சரிபார்ப்பது எப்படி? 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 11-வது பிரிவு. புலி மாதிரி அதிகபட்ச பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் விலங்கை வேட்டையாட அனுமதிக்கும் அதிகாரம் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு மட்டும்தான். அமைச்சருக்கோ, எம்எல்ஏவுக்கோ, கலெக்டருக்கோ கிடையாது. அந்த விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானதாக இருக்கணும், இல்லாட்டி குணப்படுத்த முடியாத காயமோ நோயோ இருக்கணும். பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, வேறு இடத்துக்கு மாற்றவோ முடியாது என்று அவர் திருப்தி அடையணும். காரணத்தை எழுத்தில் பதியணும்.

தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கு. 2021-ல் நீலகிரியின் கூடலூர், மசினகுடி பகுதியில் 4 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலியை வேட்டையாட, அக்டோபர் 1-ல் தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவு போட்டார். சில நாட்களில் சென்னை உயர் நீதிமன்றம், உடனே கொல்ல வேண்டாம், உயிரோடு பிடிக்கப் பாருங்கள் என்றது. அக்டோபர் 15-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். மைசூருவுக்கு சிகிச்சைக்கு அனுப்பினார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் யாராவது "புலியைக் கொன்ற ஆட்சி" என்று விளம்பரம் போட்டிருந்தால், அது கருத்து இல்லை, பொய்த் தகவல். "புலியைக் கொல்லத் துடித்த ஆட்சி" என்று போட்டிருந்தால், அது கருத்து. ஒரு சொல்தான் வித்தியாசம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2008-ல் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினுக்கு எதிராக ஒரு வன உயிரின அமைப்பு டிவி விளம்பரம் கொடுத்தது. அலாஸ்காவில் விமானத்திலிருந்து ஓநாய்களைச் சுடுவதை அவர் ஆதரித்தார் என்பதுதான் விளம்பரம். அவர் ஆதரித்தது உண்மை. ஆனால் மாநில அரசு அதை வேட்டை என்று சொல்லவில்லை. மக்கள் உணவுக்கு நம்பியிருக்கும் மூஸ், கரிபூ மான்களைக் காப்பாற்ற ஓநாய் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறோம் என்றது. ஒரே செயலுக்கு இரண்டு பெயர். பெயர் வைப்பது கருத்து. அதற்குச் சட்டம் நிறையவே இடம் கொடுக்கிறது.

நம்ம ஊர்ல புலி இல்லையே?

ஓட்டப்பிடாரத்தில் புலி கிடையாது. வயல் பக்கம் காட்டுப்பன்றி. கடல் பக்கம் சுறா.

காட்டுப்பன்றியைப் பொறுத்தவரை, பயிருக்குச் சேதம் என்பதே சுட அனுமதிக்க ஒரு காரணமாக இருக்கலாம் என்று அதே 11-வது பிரிவு சொல்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடணும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி தானே துப்பாக்கியை எடுக்க முடியாது. எம்எல்ஏ 'அனுமதி கொடுப்பது' என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை.

கடல் பக்கம் வாங்க. முத்துக்குளித்துறை ஓடிய காலத்தில், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி' இல்லாமல் ஆட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. இப்போது பிரச்சினை தலைகீழ். சுறாவை மனிதரிடமிருந்து காக்கச் சட்டம் இருக்கு. திமிங்கலச் சுறா 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் பட்டியலில் இன்னும் பல சுறா, திருக்கை வகைகள் சேர்ந்தன. தெரியாமல் வலையில் சிக்கினாலே வழக்கு வருமோ என்ற பயம் மீனவர்களுக்கு.

நாளைக்கே ஒரு வேட்பாளர், "சுறா பிடிக்கத் தடை போட்டது இந்த எம்எல்ஏதான்" என்று தருவைகுளம் கடற்கரையில் விளம்பரம் செய்தால்? அந்தப் பட்டியல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பகுதி. மாற்றும் அதிகாரம் ஒன்றிய அரசிடம்தான். ஆக, அந்த விளம்பரம் பொய். ஆனால் அது ஒருவரின் தனிப்பட்ட நேர்மையைத் தொடாத பொய். அதனால் 123(4)-ல் கொண்டு வருவது கஷ்டம்.

சட்டம் எல்லாப் பொய்யையும் பிடிக்காது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

விளம்பரம் கோர்ட்டுக்குப் போனப்போ என்ன ஆச்சு?

கர்நாடகா, 2023. சட்டமன்றத் தேர்தல் மே 10-ல். மே 5-ம் தேதி பத்திரிகைகளில் காங்கிரஸ் ஒரு விளம்பரம் கொடுத்தது. பாஜக ஆட்சியில் எந்தப் பதவிக்கு, எந்த வேலைக்கு எவ்வளவு லஞ்சம் என்று ஹோட்டல் விலைப்பட்டியல் மாதிரி ஒரு 'ஊழல் ரேட் கார்டு'. மறுநாளே தேர்தல் ஆணையம் நோட்டீஸ் அனுப்பி, ஆதாரத்தைக் கொடுங்கள் என்று கேட்டது. பொதுவாகக் குறை சொல்வது வேறு, இன்னதுக்கு இவ்வளவு என்று குறிப்பாகச் சொல்வது வேறு என்பதுதான் ஆணையத்தின் நிலை.

பிறகு பாஜக சார்பில் கிரிமினல் அவதூறு வழக்கு. சித்தராமையா, டி.கே.சிவகுமார், ராகுல் காந்தி மூவரும் 2024 ஜூனில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றத்தில் ஆஜராகி ஜாமீன் வாங்கினார்கள். 2025 ஜனவரியில் ராகுல் மீதான விசாரணைக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விளம்பரம் வந்த 5-ம் நாள் ஓட்டுப்பதிவு. ஜாமீனுக்கே ஓர் ஆண்டுக்கு மேல். இந்தக் கணக்கைக் கவனிங்க.

மேற்கு வங்கம், 2024. மக்களவைத் தேர்தல் நேரத்தில் திரிணமூல் காங்கிரஸுக்கு எதிராகப் பாஜக பத்திரிகை விளம்பரங்கள் கொடுத்தது. மே 20-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த மாதிரி விளம்பரங்களுக்கு இடைக்காலத் தடை போட்டது. புகார் வந்தும் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேர்தல் ஆணையத்தையும் கண்டித்தது. பாஜக உச்ச நீதிமன்றம் போனது. மே 27-ல் நீதிபதிகள் ஜே.கே.மகேஸ்வரி, கே.வி.விஸ்வநாதன் அமர்வு தலையிட மறுத்தது. விளம்பரங்கள் பார்த்தாலே இழிவுபடுத்துவதாக இருக்கு, போட்டியாளர் எதிரி அல்ல என்ற கருத்தில் பேசியது. மனு வாபஸ் ஆனது.

இங்கே தேர்தல் முடிவதற்குள் தடை கிடைத்தது. ஆனால் அதற்குள் பல கட்ட ஓட்டுப்பதிவு முடிந்துபோயிருந்தது.

டிவியில வர்ற விளம்பரத்தை யாராவது பார்க்குறாங்களா?

பார்க்கிறார்கள். 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி, டிவி, கேபிளில் வரும் அரசியல் விளம்பரங்களுக்கு முன்கூட்டியே சான்றிதழ் வாங்கணும். இப்போது வானொலி, தியேட்டர், இணையம், மொத்த எஸ்எம்எஸ், குரல் அழைப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மாவட்ட, மாநில அளவில் 'ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு' இருக்கு. பதிவு பெற்ற கட்சிகளும் வேட்பாளர்களும் ஒளிபரப்புக்குக் குறைந்தது 3 நாள் முன்னாடி விண்ணப்பிக்கணும். மற்றவர்கள் 7 நாள் முன்னாடி.

பத்திரிகை விளம்பரத்துக்கு ஓட்டுப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் மட்டும்தான் முன்சான்றிதழ் தேவை. கர்நாடக ரேட் கார்டு வெளிவர முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். வேட்பாளர் கொடுக்கும் விளம்பரத்தை டிவி நிலையம் வெட்டவோ திருத்தவோ கூடாது. அதனால் அதில் அவதூறு இருந்தாலும் நிலையத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று 1959-ல் அங்கே தீர்ப்பானது. வெளி அமைப்புகள் கொடுக்கும் விளம்பரத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

போஸ்டர், நோட்டீஸ் விஷயத்தில் நம் சட்டம் எளிமையானது. 127ஏ பிரிவுப்படி, ஒவ்வொரு தேர்தல் போஸ்டரிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்கணும். இல்லையென்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டீப்ஃபேக் மாதிரிப் போலி வீடியோக்கள் கவனத்துக்கு வந்தால் 3 மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்கணும் என்று 2024 மே மாதம் தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கு. ஒரு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 3 மணி நேரம் என்பது ரொம்ப நீண்ட நேரம்.

தீர்ப்பு வர்றதுக்குள்ள ஆட்சியே முடிஞ்சிடுமோ?

தேர்தல் செல்லாது என்று சொல்ல, முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடணும். 6 மாதத்துக்குள் முடிக்கப் பார்க்கணும் என்று சட்டம் சொல்லுது. நடைமுறை?

ஓட்டப்பிடாரமே சாட்சி. 2016 முடிவை எதிர்த்து கிருஷ்ணசாமி தேர்தல் வழக்குப் போட்டார். அது விளம்பரம் பற்றிய வழக்கு அல்ல. இதற்கிடையே 2017-ல் சுந்தரராஜ், டி.டி.வி.தினகரன் பக்கம் நின்ற 18 எம்எல்ஏக்களில் ஒருவராகத் தகுதி நீக்கம் ஆனார். தொகுதி காலியானது. ஆனால் தேர்தல் வழக்கு நிலுவையில் இருப்பதால் 2019-ல் முதலில் இடைத்தேர்தல் அறிவிக்கப்படவில்லை. வழக்கு வாபஸ் ஆன பிறகே அந்த ஆண்டு மே 19-ல் இடைத்தேர்தல் நடந்தது. திமுகவின் சண்முகையா ஜெயித்தார். கிட்டத்தட்ட 3 ஆண்டுகள் அந்த வழக்கில் தீர்ப்பே வரவில்லை.

அப்போ சட்டத்தை இன்னும் கடுமையாக்கினால் போதுமா? அங்கேதான் இன்னொரு ஆபத்து. அவதூறுச் சட்டம் எப்போதும் பலமானவர் கைக்கு வசதியானது. ஜெயலலிதா ஆட்சியில் 5 ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் போடப்பட்டதாக 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் கணக்கு வந்தது. விமர்சனத்தைத் தாங்கணும் என்று நீதிபதிகள் அரசுக்குச் சொன்னார்கள். 2020 மே 21-ல் சென்னை உயர் நீதிமன்றம், பத்திரிகை ஆசிரியர்கள் மீது தமிழக அரசு போட்டிருந்த பல அவதூறு வழக்குகளை ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது.

2 ஆண்டு தண்டனைக்கு இன்னொரு கூர்மையும் உண்டு. 2 ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை வந்தால் எம்பி, எம்எல்ஏ பதவி போகும். 2023 மார்ச் 23-ல் சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்குச் சரியாக 2 ஆண்டு கொடுத்தது; மறுநாளே பதவி போனது. ஆகஸ்ட் 4-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்த பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

பேசியதற்காக ஒருவரை உள்ளே வைப்பது என்றால் என்ன என்று ஓட்டப்பிடாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஊரில் பிறந்த வ.உ.சி.க்கு 1908-ல் ராஜதுரோக வழக்கில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

டீக்கடைச் சுவருக்குத் திரும்புவோம்

இப்போ அந்த இரண்டு போஸ்டர்களையும் மறுபடி படிங்க.

முதல் போஸ்டர், பன்றியைச் சுடுவது பற்றிய ஒருவரின் நிலைப்பாட்டைத் திட்டுகிறது. "வயிற்றில் அடித்தவர்" என்பது காட்டமான கருத்து. அவர் அப்படிப் பேசியது உண்மை என்றால், வழக்கு நிற்பது கஷ்டம். ஜனநாயகத்தில் இதற்கு இடம் இருக்கணும்.

இரண்டாவது போஸ்டர், "பணம் வாங்கினார்" என்கிறது. அது தகவல். நேர்மையைத் தொடுகிறது. ஆதாரம் இல்லையென்றால் 356-ம் வரும்; தேர்தல் சட்டத்தின் 123(4)-ம் வரும். போதாததற்கு, எம்எல்ஏ அனுமதி வாங்கிக் கொடுக்கும் விஷயமே இல்லை, அது வனத்துறையின் நடைமுறை என்பதும் தெரிந்துவிட்டது.

ஆனால் இதையெல்லாம் நீதிமன்றம் சொல்ல மாதங்கள் ஆகும், வருஷங்களும் ஆகலாம். போஸ்டரைப் படித்தவர் நாளைக்கே ஓட்டுப் போடப் போகிறார். சட்டம் தண்டிக்கும், ஆனால் போட்ட ஓட்டைத் திருப்பிக் கொடுக்காது.

அதனால் ஒரு விளம்பரத்தைப் பார்த்ததும் வாக்காளர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். ஒன்று, இதில் தகவல் எது, திட்டு எது? இரண்டு, சொல்லப்படும் வேலையைச் செய்யும் அதிகாரம் அந்த ஆளுக்கு உண்மையிலேயே இருக்கா? மூன்று, கீழே அச்சகம், வெளியிட்டவர் பெயர் இருக்கா? பெயர் இல்லாத போஸ்டர் கண்ணில் பட்டால், தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்துப் போடலாம். 1950 எண்ணுக்கும் கூப்பிடலாம்.

"இதெல்லாம் உண்மையா அண்ணாச்சி?" என்று டீக்கடையில் கேட்டாரே ஒருவர், அவர் கேட்டது சரியான கேள்வி. "எலெக்‌ஷன் வந்தா இப்படித்தான்" என்பது அதற்குப் பதில் இல்லை. போஸ்டரின் கடைசி வரியில் யார் பெயர் இருக்குன்னு சேர்ந்து பார்ப்பதுதான் பதில்.